பதிமூன்று நாள் பிந்தி

சி பாரத்தில் அவள் பெயரை
மூன்று தடவை அடித்துத் திருத்தினேன்.
வொர்க்நெஷ். எத்தியோப்பியா.
வந்த காரியம்: கயத்தாறு காற்றாலையில் பயிற்சி.
பெயருக்கு அர்த்தம் கேட்டதற்கு
'நீ பொன்' என்றாள்.
எங்கள் பக்கம் தெருவுக்கொரு பொன்னுத்தாய் உண்டு என்றேன்
பாதி இங்கிலீஷும் பாதி கையுமாக.

சமையல் பேச்சியப்பனுக்குத்தான் அவளால் சங்கடம்.
பால் ஆகாது, மோர் ஆகாது,
நெய் ஆகாது, முட்டை ஆகாது.
"சீக்காளியாவே?"
இல்லை, நோன்பு. நாற்பத்து மூன்று நாள்.
"அப்ப மாலை போட்டிருக்கா" என்று
அவராகவே ஒரு முடிவுக்கு வந்து
மறுநாளிலிருந்து அவளுக்கு மட்டும்
தனிக் கல்லில், நல்லெண்ணெயில் தோசை.

அவள் ஊரில் இப்போது
ஏழு வருஷம் முந்தி ஓடுகிறதாம்.
ஜனவரி பிறந்தால் எட்டாகிவிடுமாம்.
எட்டு வருஷம் முந்தி
எங்கள் அப்பா இருந்தார்.
இந்த லாட்ஜ் சாவிக்கொத்து
வேறு யாரோ இடுப்பில் இருந்தது.
அவளிடம் இதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை போய்
வெட்டுவான் கோவில் பார்த்து வந்தாள்.
எங்கள் ஊரிலும் இதுபோல்
பாறையை மேலிருந்து கீழே வெட்டி இறக்கின கோவில்கள்,
உள்ளே இன்றைக்கும் பூசை உண்டு என்றாள்.
உங்களுடையது ஏன் பாதியில் நின்றது?
கூலி பாக்கியாக இருக்கும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை, யோசித்தாள்.

டிசம்பர் இருபத்தைந்து
எனக்கு டூட்டி. இரட்டைச் சம்பளம்.
கோவிலுக்குப் போகவில்லை.
ஏணிப்படியில் இறங்கி வந்து கைகொடுத்தாள்.
"உங்களுக்கும்" என்றேன்.
"எனக்கு இன்னும் வரவில்லை" என்றாள்.

வந்தது, ஜனவரி ஆறு ராத்திரி.
வெள்ளைப் பருத்தித் துண்டைத்
தலைமுதல் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.
எந்தக் கோவிலானாலும் சரி, இந்த ராத்திரி
படுக்கக் கூடாது, நிற்க வேண்டும்.
டிவிஎஸ்ஸில் ஏற்றி
ஆற்றுப்பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போனேன்.
ஊசிக்கோபுரத்துக் கேட் பூட்டிக் கிடந்தது.
காவலாளி தேவஇரக்கம் மப்ளரை அவிழ்த்துவிட்டு,
"கிறிஸ்மஸா? அதெல்லாம் முடிஞ்சு
ஸ்டாரையும் கழட்டி மூட்டை கட்டியாச்சே" என்றார்.

அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள்.
உதடு மட்டும் அசைந்தது.
கொசு. பஞ்சாயத்துக்குக் கூடின நாய்கள்.
தூத்துக்குடி போகிற உப்பு லாரி ஒன்று
வெளிச்சத்தை அவள்மேல் கொட்டிவிட்டுப் போனது.
தேவஇரக்கம் முக்காலி கொண்டுவந்து போட்டார்.
அவள் உட்காரவில்லை.
கொஞ்ச நேரத்தில் அவரும் உட்காரவில்லை.
நான் மட்டும் வண்டிமேல் சாய்ந்து
தூங்கி விழுந்து விழித்தபோதெல்லாம்
அந்த வெள்ளை அங்கேயே இருந்தது.

எங்கோ மார்கழிப் பாட்டுக் குழாய் கரகரத்தது.
நோன்பு முடிந்தது என்று
கைவிரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள்.

திரும்பும் வழியில் மைதானத்தில்
ஹாக்கி மட்டையோடு பையன்கள்.
"நிறுத்து" என்று தோளைத் தட்டினாள்.
ஆட்டிடையருக்குச் சேதி வந்தபோது
கையில் இருந்த கம்பால்
பந்தடித்துக் கொண்டாடினார்களாம்.
அவள் ஊரில் பண்டிகைக்கு என்ன பெயரோ
ஆட்டத்துக்கும் அதே பெயராம்.
துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு
கோல்கீப்பர் பையனிடம் மட்டையை வாங்கி
ஒரே அடி.
பந்து சாக்கடை தாண்டி
குப்பை வண்டிக்கு அடியில் போய் நின்றது.
"யக்கா, இன்னொண்ணு!" என்று கத்தினான்கள்.
இன்னொன்று அடித்தாள். அப்புறம் ஏழெட்டு.

டீக்கடையில், பால் போட்ட டீ.
நாற்பத்து மூன்று நாளுக்குப் பின்
முதல் வாய்.
ஆடை ஒட்டின மேலுதட்டோடு
கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.
மாஸ்டர் பயந்துபோய்
"சீனி கூடிப்போச்சா?" என்றார்.

டூட்டிக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
கிறிஸ்மஸ் என்று எழுதினேன்.
முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி தேதியைப் பார்த்தார்.
அரைநாள் சம்பளம் போயிற்று.