வாய்

வெளியே என்பதற்கு இவர்கள் சொல் வாய்.
வெளியிலிருந்து வந்து கற்பிப்பவர் வாய்-ஜியாவ்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது,
செங்தே நகரத்துப் பள்ளியின் சிவப்பு முத்திரைக்குக் கீழே.
என் காதில் விழுவது முதல் பாதி மட்டும்.
சம்பளமும் அதற்குத்தான்.

பலகையில் எழுத வேண்டாம், இலக்கணம் வேண்டாம்,
அதையெல்லாம் லுவான் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்,
நீங்கள் பேசினால் போதும்.
பெற்றோர் யாராவது கேட்டால் மட்டும்
ஜோகன்னஸ்பர்க் என்று சொல்லிவிடுங்கள்.

நான் ஜோகன்னஸ்பர்க் பார்த்ததில்லை.
அங்கே ஜூனில் குளிரும் என்று
படித்து வைத்திருக்கிறேன், எதற்கும்.

வகுப்புக்கு நாற்பத்தெட்டுப் பேர்.
பல்லிடுக்கில் நாக்கை நீட்டி த்ரீ என்கிறேன்.
நாற்பத்தெட்டு நாக்குகள் எட்டிப் பார்த்துவிட்டு
ஸ்ரீ என்கின்றன.
ஸ்ரீ, ஸ்ரீ, ஸ்ரீ,
காலை எட்டு மணிக்கு ஒரு லட்சார்ச்சனை.
கடைசி வரிசைப் பையன்
தனக்கு வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர் தர்ஸ்டே.
ஏன் என்றேன்.
நீங்கள் வருவது அன்றைக்குத்தானே என்றான்.

அக்டோபர் கடைசியில் கதவில் ஒரு தாள்.
கைபேசியைக் காட்டினேன்.
தண்ணீரை முயற்சி செய்க
வீட்டில் மனிதனை விட்டுச் செல்க
என்றது மொழிபெயர்ப்பு.
விட்டுச் செல்ல என்னைத் தவிர யாருமில்லை.
தாளை மடித்து டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப்
பள்ளிக்குப் போனேன்.

திரும்பும்போது படிக்கட்டில் என் தண்ணீர்
எனக்கு எதிரே இறங்கி வந்தது.
குளிர்காலக் குழாய்களில் நீர் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.
எனக்கு முன் இங்கிருந்த வாய், ஒரு கனடாக்காரர்,
வால்வைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.
வாசலில் கீழ் வீட்டு தோங், கையில் பேசின்.

எனக்குத் தெரிந்தது:
இது, அது, எவ்வளவு, காரம் வேண்டாம்.
மன்னிப்புக்கான சொல்லும் தெரியும்,
அதில் எது ஏற வேண்டும் எது இறங்க வேண்டும் என்பதுதான் தெரியாது.
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
அவர் அதற்குள் முழங்கால் வரை மடித்துவிட்டுக் குந்தி
என் போர்வையால் தரையை ஒற்றத் தொடங்கியிருந்தார்.

ஆறாவது வாளியில் கேட்டார்,
நா குவோ ழன்.
எந்த நாட்டு ஆள்.

ஜோகன்னஸ்பர்க் நாக்கு நுனிக்கு வந்தது.
யிந்து என்றேன், இந்தியா.
ஆ, யிந்து, என்று போர்வையின் மறுமுனையை நீட்டினார்.
ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம்.

எங்களில் எந்தச் சொல்லும் ழ-வில் தொடங்காது.
இலக்கணம் விடாது.
நடுவில், கடைசியில், அவ்வளவுதான்,
அதையும் பாதிப் பேர் ள என்று கடத்திவிடுவோம்.
இங்கே அது முதல் ஆளாக வந்து நிற்கிறது,
மனிதருக்கு முன்னால்.

நவம்பரில் ஒரு விடியல், கதவைத் தட்டினார்.
நேராகச் சுவர்க் குழாயிடம் போய்
என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.
ழ-ல, என்றார்.
சூடு வந்துவிட்டது.
ழ-ல, என்றேன்.
கையால் காற்றில் ஒரு சரிவு காட்டினார், இறக்கு, இறக்கு.
இறக்கினேன். தலையாட்டினார்.
நாக்கு சரி, சுரம்தான் பிழை:
இந்த ஊரில் நான் வாங்கிய முதல் பாதி மதிப்பெண்.

வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம்.
உங்கள் ஊரில் என் பெயர் என்ன என்றான் தர்ஸ்டே.
எந்த ஊரில் என்று கேட்டிருக்க வேண்டும்.
சாக்பீஸ் எடுத்து எழுதினேன்,
வியாழன்.

ழன்! என்றது முன் வரிசை,
பிறகு எல்லாரும், ஒரு பிசிறு இல்லாமல்,
நாற்பத்தெட்டு நாக்குகள் உள்ளே மடங்கி.

கதவுக் கண்ணாடியில் லுவான் ஆசிரியர்.
பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஜோகன்னஸ்பர்க்கில் இப்படித்தான் எழுதுவார்களா
என்று கேட்காமல் போய்விட்டார்.

தோங்கின் கூரையில் கறை இன்னும் காயவில்லை.
சனிக்கிழமை சுண்ணாம்பு வாங்க வேண்டும்.
அதற்கு என்ன சொல் என்று தெரியாது.