தொண்ணூற்றேழு

எஸ்.பி. ரோட்டில், ரேடியோ ரிப்பேர்க் கடைக்கும்
வயர்க் கடைக்கும் நடுவே வாங்கினேன்.
எழுநூறு சொல்லி நானூற்று எண்பதுக்குத் தந்தான்.
பேனா அளவு. நுனியில் ஊசி, தலையில் எண்,
கடாய் விளிம்பைக் கவ்வ ஒரு கிளிப்.
"கறிக்கா, கேக்குக்கா?" என்றான்.
"மூக்குக்கு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. நானும் விளக்கவில்லை.

ஆகஸ்டில் வந்த காய்ச்சல் போகும்போது
மணத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று.
அதற்குமுன் முதுகைக் காட்டி நின்றே சொல்வேன்,
எண்ணெய் இன்னும் பச்சை, இப்போது பக்குவம்,
இனி புகையும், அடுப்பைக் குறை என்று.
இப்போது மாவைக் கிள்ளிப் போட்டால்
ஒருநாள் மூழ்கிக் கிடக்கிறது,
ஒருநாள் கரியாய் மிதக்கிறது.
செல்வின் இரண்டையும்
"நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டார்.
அதுதான் பொறுக்கவில்லை.

முதலில் தண்ணீரில் சோதி என்றது அட்டை.
கொதித்தால் நூறு காட்டவேண்டும்.
தளதளவென்று கொதித்தது. தொண்ணூற்றேழு.
தீயை ஏற்றினேன்.
பாத்திரம் குதித்தது. தொண்ணூற்றேழு.
ஏமாந்தோம் என்று
மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனேன்.
கடைக்காரன் அதைக் கையில்கூட வாங்கவில்லை.
"மீட்டர் சரி, நீரு சரி.
ஊரு எத்தரதல்லிதெ, மேடம்."
ஊர் உயரத்தில் இருக்கிறதாம்.
பதினெட்டு வருஷம் லிங்கராஜபுரத்தில் உலை வைத்தவள் நான்,
மூன்று டிகிரி முன்னாலேயே
இங்கே தண்ணீர் பொறுமை இழந்துவிடும் என்று
யாரும் சொன்னதில்லை.
பருப்பு வேகவில்லை என்று
மளிகைக் கடையில் எத்தனை சண்டை.

ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினேன்.
ஒற்றைக் கம்பிப் பாகு நூற்று மூன்று.
பெரம்பூரில் அக்கா செய்தால் நூற்று ஆறாக இருக்கும்.
பாகுக்கு ஊர் தெரிகிறது.
எண்ணெய்க்குத் தெரியாது,
வடைக்கு எங்கேயும் நூற்று எழுபத்தைந்து.
ஐந்தைச் சேர்த்துப் போட்டால்
நூற்று நாற்பத்தெட்டுக்கு விழுகிறது.
மூன்று என்றால் கொஞ்சம் முகம் சுளித்து எழுந்துவிடுகிறது.
இத்தனை வருஷமும் ஐந்தைந்தாகப் போட்டு
எண்ணெய் குடிக்க வைத்திருக்கிறேன்,
மூக்கு நன்றாக இருந்தபோதே.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு சாயங்காலம்.
மழை பக்கவாட்டில் அடித்தது.
நூற்று எழுபத்து நான்கு.
ஒரு வடையைத் தட்டித் துளையிட்டுத் திரும்பினால்
நூற்று அறுபத்தாறு.
இன்னும் எதையும் போடவில்லையே.
இன்னொன்று தட்டினேன். நூற்று ஐம்பத்தெட்டு.
பேட்டரியோ என்று அதன் தலையில் தட்டினேன்.
நூற்று ஐம்பத்தைந்து.
அப்புறம்தான் குனிந்தேன்.
கடாய்க்கடியில் நீலம் இல்லை.
காற்று அணைத்திருக்கிறது, குமிழ் திறந்தபடி.
அந்த 'ஸ்ஸ்'ஸை மழை தின்றிருக்கிறது.

குமிழைத் திருகினேன். சிலிண்டர் வாயை அடைத்தேன்.
ஜன்னல் மூன்றையும் திறந்தேன், சாரல் மாவில் விழட்டும்.
எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குப் போன கையைப்
பாதியில் பிடித்திழுத்தேன்.
எதிர்வீட்டு ஃபர்ஹத் பெல் அடிக்காமல்
கதவை இடித்தாள், கெட்டிக்காரி.
"கேஸ் நாறுது, தெரியலையா?"
"தெரிஞ்சுது" என்றேன்.
உளுத்தமாவு ஒட்டிய கை
அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது.

ராத்திரி பிரெட் சாப்பிட்டோம்.
செல்வினிடம் வடை சரியாக வரவில்லை என்றேன்.
தூக்கம் வராமல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன்,
ஊசியைக் கடாயிலேயே விட்டிருந்தேன்.
இருபத்தொன்று.
எண்ணெய் கடைசியில் ஊரோடு ஒத்துப்போயிருந்தது.
விரலை நனைத்து, பழக்கதோஷம்,
மூக்கருகே கொண்டுபோனேன்.
ஒன்றுமில்லை.
ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது.
அதற்கும் ஒரு மணம் உண்டு.