ஒப்பீட்டு ஆள்

அறுபது வெள்ளிப் பற்றுச்சீட்டு தருவதாகச் சொன்னார்கள்.
பெண், வயது நாற்பத்து மூன்று,
இடது கைப் பழக்கம், உடம்பில் உலோகம் கிடையாது.
பொருந்தினேன்.

எனக்கு முன்னால் படுத்தவள் யோக் லான்.
ஆறிலக்கத்தை ஆறிலக்கத்தால் பெருக்கச் சொன்னால்
லிஃப்ட் கதவு மூடுவதற்குள் விடை சொல்பவள்.
அவளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க
ஒரு சாதாரண மூளை வேண்டுமாம்.
டாக்டர் ஃபைருஸ் 'சாதாரண' என்று தொடங்கி
விழுங்கிவிட்டு
'வழக்கமான' என்றார். நல்ல மனிதர்.

குழாய்க்குள் ஒரே இடி.
யாரோ இரும்புக் கட்டிலைப் படிப்படியாய்
இழுத்துப் போவது மாதிரி.
கண்ணாடியில் எண்கள் வந்தன:
அறுபத்தெட்டு பெருக்கல் நாற்பத்தேழு.
ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆறு போட்டு மீதி ஐந்து.
அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டிருக்கையிலேயே
இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா
யாழிசைக்கு டியூஷன் பணம் கட்டினேனா
மூக்கு ஏன் இப்போது அரிக்கிறது
ஐந்து எங்கோ விழுந்துவிட்டது.
ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன்.

பிறகு படங்களைக் காட்டினார்.
என்னுடையது
தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலை.
அவளுடையது
இரவு இரண்டு மணிக்கு வீவக நடைவழி, ஒற்றைக் குழல்விளக்கு.
ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
'இல்லைம்மா, அவருக்கு இது சுலபம். நீங்கள் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள்.'

பிறக்கும்போதே இப்படியா,
இல்லை, முப்பது வருடமாய் நடந்து நடந்து
தேய்ந்த ஒற்றையடிப் பாதையா என்றேன்.
பேனா மூடியைத் திறந்தார். மூடினார்.
'அதற்கு இன்னும் நானூறு பேர் வேண்டும்.'

உடைமாற்றும் அறையில்
யோக் லான் தோடு மாட்டிக்கொண்டிருந்தாள்.
எண் வரும்போது என்ன நினைப்பாய்?
'எண்ணைத்தான்' என்றாள்,
வேறு எதையாவது நினைக்க முடியுமா என்பதுபோல்
என்னைப் பார்த்து.

புவன விஸ்தாவில் ரயிலேறினேன். காமன்வெல்த் தாண்டி
யார் வீட்டு மூங்கில் கழியிலோ
ஒரு பள்ளிச் சீருடை
கையிரண்டும் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.
பாக்கெட் பக்கம் மட்டும் இன்னும் ஈரம்.

மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு.

நான் கூப்பிடவேயில்லை. தானாக வந்து
பக்கத்தில் உட்கார்ந்தது.
எந்த விளக்கு எரிந்ததோ, எத்தனை எரிந்ததோ,
படம் பிடிக்க அங்கே ஆளில்லை.
எதிர் இருக்கைக்காரரிடம் சொல்லலாமென்றால்
வாய் திறந்து தூங்குகிறார்.
அவர் தலைக்குள் என்ன ஓடுகிறதோ.

குவீன்ஸ்டவுனில் இறங்கி வேகமாய் நடந்தேன்.
இஸ்திரிப் பெட்டி
அணைந்துதான் இருந்தது.