கேட்டது மட்டும்

சாமநத்தம் கண்மாய்க்கரையில் வேன் நின்றபோது
ஐந்தே முக்கால்.
ஒச்சு இன்ஜினை அணைத்த பிறகும்
என் இடது காதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
அது எப்போதும் ஓடுவதுதான்.

தண்ணீர்ப் பறவைகளிடம் எனக்குப் பயமில்லை.
பெரியவை, அவசரமில்லாதவை, பார்த்தால் போதும்.
அதோ, கருவேல மரத்து உச்சியில்
ஈரத்துணியாய்ச் சிறகை விரித்துக் காயவைக்கிறதே, பாம்புத்தாரா.
அதற்குக் கீழே, அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரிகிறதே,
நத்தைகுத்தி நாரை.
"எங்க வீட்டு அலமாரிக் கதவு மாதிரி" என்றார் காரைக்குடி மீனாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், அரை நொடி பிந்தி.

அரிட்டாபட்டிப் பாறையில் ஏறும்போது வெயில் வந்துவிட்டது.
வல்லூறு ஒன்று எங்கள் தலைக்குமேல்
சிறகசைக்காமல் நின்றது.
ஆறு பேரும் வாய் திறந்து அண்ணாந்தார்கள்.
நான் கீழ்க்கண்ணால் மேலூர்ப் பக்கம் பார்த்தேன்.
அங்கே, மலை இருந்த இடத்தில் மலையளவு பள்ளம்.
அப்படியொரு பள்ளத்துக்குள் ஆறு வருடம்
பாறையில் துளை போடும் மெஷினைப் பிடித்திருந்தேன்.
காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றார்கள், வைத்தேன்.
பஞ்சு எம்மாத்திரம்.

முதலில் பூக்கொத்தி போனது.
அப்புறம் மின்சிட்டு.
கிளையில் இருக்கிறது, அலகு திறக்கிறது, மூடுகிறது,
பைனாகுலருக்குள் ஊமைப்படம்.
பிறகு வீட்டிலும் ச போனது, ஸ போனது.
"ஈக்கிரம் வாங்க, ஓறு ஆறுது" என்கிறாள் மனைவி.
செம்போத்து மிச்சம். மயில் மிச்சம்.
தடித்த குரலுள்ளவை எல்லாம் இன்னும் என் பக்கம்.

மறுநாள் சிறுமலை.
கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற
எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது.
பதினெட்டாவது வளைவு வரைக்கும் நாங்கள் சமம்.

காட்டுக்குள் எனக்கொரு வித்தை உண்டு.
பறவையைக் கேட்பதில்லை,
கேட்பவர்களின் கழுத்தைப் பார்ப்பேன்.
வெனிஸ்டாவின் கழுத்து முதலில் திரும்பும், கொக்கு மாதிரி.
அந்தக் கோணத்தில் கை நீட்டி
"மின்சிட்டு, ஆண்" என்பேன்.
பாராட்டுவார்கள். இரண்டு வருடமாக
இப்படித்தான் பிழைப்பு.

ஜுவைரியாவுக்கு வேலை ஆஸ்பத்திரியில்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி,
சத்தம் கேட்டவர் கை தூக்குகிறாரா என்று பார்ப்பவர்.
காபித் தோட்டத்து வளைவில்
என் இடப்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டார்.
எந்தக் கழுத்தும் திரும்பும் முன்பு
முழங்கையில் இரண்டு விரல் பட்டது:
இடது, மேலே.
நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கை நீட்டினேன். கொஞ்சம் வேகமாக நடந்தேன்.
பாதை முடியும்வரை அந்த விரல்கள் பின்னாலேயே வந்தன.

மதியத்துக்குமேல் பனி இறங்கி மரங்களை அழித்தது.
வேன் பானட்டில் தாளை விரித்துப் பட்டியல் போட்டோம்.
பார்த்தது அறுபத்தெட்டு.
பக்கத்துப் பத்தி, கேட்டது மட்டும்.

"பனிக்குள்ள ஒண்ணு கூப்பிட்டுதே, அது என்ன?" என்றார் சொக்கலிங்கம்.
சைக்கிள் பிரேக் போல என்றார் அவரே.
இல்லை, குக்கர் ஆவி போல என்றார் மீனாள்.
வெனிஸ்டா உதடு குவித்து ஊதிக் காட்டினார்.
உதடு குவிந்தது தெரிந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பெயர் சொல்லிவிடுவேன்.
பேனாவும் தாளில் பாதி எழுத்து வரைக்கும் போனது.
"எனக்குக் கேக்கல" என்றேன்.
"அது மட்டுமில்ல. நேத்துலேர்ந்தே நிறைய கேக்கல."

ஒச்சு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.
மீனாள் வாழைப்பழச் சீப்பை வைத்த இடத்திலிருந்து எடுத்து
வேறு இடத்தில் வைத்தார்.
யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, இன்னும்.

ஜுவைரியா என் கையை எடுத்துச்
சூடாறாத பானட்டின்மேல் அமர்த்தினார்.
நகத்தால் தகரத்தைத் தட்டினார்:
மூன்று சின்னது.
ஒரு இடைவெளி.
இழுத்து ஒன்று.

உள்ளங்கைக்குள் அது போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு தடவை, என்றேன்.