பிழை பதிவாகவில்லை

முதல் முறை ஈசூன் வெளிவழியில்.
அறுபத்தெட்டு என்றிருந்த எண்
மினுங்கவில்லை, மங்கவில்லை,
சட்டென்று இல்லாமல் போனது.
பெட்ரோல் அளவும் இல்லை, மணியும் இல்லை.
வண்டி மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
பின்னால் இருந்தவர் கைப்பேசியிலிருந்து நிமிரவில்லை.
நானும் சொல்லவில்லை.
இருநூறு மீட்டர் தாண்டி,
கடைக்குப் போய்வந்தவள்போல
எண் வந்து உட்கார்ந்துகொண்டது:
ஐம்பத்து நான்கு.

ஊபி சேவை நிலையத்தில்
மருத்துவரைக் கண்ட பல்வலிபோல
மூன்று மணி நேரமும் சமர்த்தாக எரிந்தது திரை.
கணினியைக் கோத்துப் பார்த்த தம்பி
"பிழை எதுவும் பதிவாகல, அக்கா" என்றான்.
நூற்று இருபது வெள்ளி.
"நீங்க நல்லாப் பாத்தீங்களா?"
பதினோரு வருஷமாய் ஓட்டுகிறேன் என்று வாயெடுத்து
ரசீதை மடித்துக்கொண்டேன்.

அன்றிரவே கோடுபோட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.
செவ்வாய், 11.40. மழை இல்லை. அங் மோ கியோ.
புதன், 7.15. நல்ல மழை. ஏசி மூன்றில். தோ பாயோ.
வியாழன், விமான நிலையத்துக்கு மூன்று நடை. ஒன்றுமில்லை.
பேட்டரி மாற்றினேன்.
ஃபியூஸைப் பிடுங்கி ஊதிச் செருகினேன்.
டாஷ்போர்டின் மண்டையில் ஒரு தட்டு,
அதற்கும் சில சமயம் எரியும்,
காக்கை உட்காரப் பனம்பழம் விழுகிற கணக்கில்.
எண் இல்லாதபோது
டயர் தாரோடு பேசும் குரலை வைத்து
வேகத்தைக் கணித்தேன்.
கேமராக் கம்பத்தை நெருங்கினால் மட்டும்
வயிறு கலக்கும்.

நாற்பத்தோராவது வரியில்தான் கண்ணில் பட்டது.
எல்லாமே வெளிவழிகள்.
எல்லாமே இடப்பக்க வளைவுகள்.
செம்பவாங்கில் ஆளில்லாத திறந்தவெளிக் கார்நிறுத்தத்தில்
நள்ளிரவில்
இடப்பக்கமாகவே சுற்றினேன்.
ஏழாம் சுற்றில் அணைந்தது.
வலப்பக்கம் சுற்றினேன். வந்தது.
தனியாக, சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

காக்கி புக்கிட்டில் ஃபைரூஸ்
நோட்டைக் கடைசி வரிவரை படித்தார்.
கணினிப் பக்கமே போகவில்லை.
ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பை
முழங்கையால் அமுக்கினார்.
சளக் என்றது.

ஏசியின் வடிகுழாயைத் தூசி அடைத்து
வெளியே சொட்டவேண்டிய தண்ணீர்
விரிப்புக்கு அடியில் குளம் கட்டியிருக்கிறது.
இடம் திரும்பினால் வலத்தில் ததும்பும்.
அங்கே கதவோரம்
மின்சாரம் வீடு திரும்பும் ஒரு போல்ட்,
அதைக் கட்டிய செப்பு வளையத்தில்
பச்சைக் களிம்பு.
சுரண்டினார், தேய்த்தார், இறுக்கினார்.
நாற்பது வெள்ளி.

"இது உங்களோடதா?"
இருக்கைத் தண்டவாளத்தின் இடுக்கிலிருந்து எடுத்ததாம்:
இருபது காசு இரண்டு,
நாவல்பழ நிறக் கல் வைத்த
ஒற்றைத் தோடு.

மார்ச் மாதம்.
என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்.
செயலி வழியாக இரண்டு முறை அழைத்தாள்.
முகம் ஞாபகமில்லை, குரல் இருக்கிறது:
ஏறும்போது காதில் இருந்ததாம்,
இறங்கித் தொட்டுப் பார்த்தால் இல்லையாம்.
டார்ச் அடித்துத் தேடினேன், பொய்யில்லை.
ஆனால் இரண்டாம் அழைப்பில்
தேடாமலே சொன்னேன்:
"வண்டியிலதான் விழுந்துச்சுன்னு
நிச்சயமாத் தெரியுமா, அம்மா?"
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
"தெரியல, அக்கா" என்று வைத்துவிட்டாள்.

நிறுவனத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.
ஏழு வேலைநாள் ஆகும் என்கிறது
தானாக வந்த பதில்.

இன்று கிராஞ்சி வெளிவழியில் இடப்பக்கம் திரும்பினேன்.
அறுபத்தொன்று என்றது திரை, அசையாமல்.
ஐம்பது என்றல்லவா
டயர் சொல்லிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரம்கட்டி
நோட்டில் அடுத்த வரி எழுதினேன்.
வெள்ளி, 9.05. மழை இல்லை.
தோடு, ஒன்று. திருகாணி இல்லை.
என் இருக்கைக்கு அடியில்.