இருபத்தைந்து பாகை

ஜிந்துப்பிட்டியில்
மிளகாய் அரைக்கும் மோட்டருக்கு
ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தேன்.
நூறு மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை விழித்து
இரண்டு வயர்களில் ஓடுவதை அளக்கும்,
மூன்றாவதைத் தானே கணக்கிடும்,
ஆறு சுவிட்சுகளுக்கும் சொல்லவேண்டியதைச் சொல்லும்.
நாற்பதில் எல்லாம் முடிந்துவிடும்.
மீதி அறுபதும் அதற்கு ஞாயிற்றுக்கிழமை.

உள்ளே சுழல்கிற அலுமினியக் கூட்டுக்கு
ஒரு வயரும் போவதில்லை.
வேகம் அளக்கும் கருவியும் இல்லை.
"அதுக்கும் வேறயா சல்லி?" என்றார்
முதலாளி நிஸ்தார்.
ஆகவே நிரல் ஊகிக்கிறது,
பூட்டிய கதவில் காதை வைத்து
உள்ளே நடப்பவரின் வேகத்தைச் சொல்வதுபோல.

காலையில் சரியாகத்தான் சொல்லும்.
பதினொரு மணி தாண்டினால்
தண்டு உதறும், பெல்ட் துள்ளும்,
தூள் ஒருபிடி கரடு, ஒருபிடி மாவு.
"எங்களுக்குத்தான் இருமல்னா
இதுக்குமா?" என்றாள் பியூலா
மூக்கில் கட்டிய துணிக்குள்ளிருந்து.

மூன்று நாள்
வரி வரியாகப் பிழை தேடினேன், தும்மித் தும்மி.
மடிக்கணினியின் எழுத்துக்களுக்கிடையே
சிவப்பு படிந்தது.
நாலாம் நாள், தும்மலில் தடுமாறி
மோட்டரில் கையூன்றி
அம்மா என்று எடுத்தேன்.

நிரலுக்குள் ஒரு எண் இருந்தது.
சுழலியின் மின்தடை.
மொரட்டுவையில், ஏசி அறையில்,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் அளந்தது,
இருபத்தைந்து பாகையில்.
அதை நம்பி
செக்கனுக்குப் பத்தாயிரம் தடவை
பிழையே இல்லாமல் கணக்குப் போட்டு
பிழையான விடைக்குப் போய்க்கொண்டிருந்தது
அப்பாவி.

உடம்பில் ஒரு வெப்ப உணரியை ஒட்டினேன்.
சூடு ஏற ஏற எண்ணும் ஏறும்படி
நாலு வரி சேர்த்தேன்.
பன்னிரண்டு மணிக்கும் தண்டு அசங்கவில்லை.

"என்ன செஞ்சீங்க?"
"இங்கே சூடு என்று அதற்குச் சொன்னேன்."
"நாங்களும் அதத்தானே சொல்றோம்,
ரெண்டு வருஷமா."
நிஸ்தார் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த கிழமை போனபோது
ஒரு ஃபேன் வந்திருந்தது.
மோட்டரைப் பார்த்துத்
திருப்பி வைத்திருந்தார்கள்.
இரண்டுக்கும் நடுவில்
பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டு
காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள் பியூலா.

காற்று மறைவதில்
நாலு பாகை கூடுகிறது.
திரையில் பார்த்தேன்.
நிரல் சமாளிக்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.