பூஜ்ய மீட்டர்

வெள்ளிக்கிழமை, காலை நாலே முக்கால்.
ரூவியின் தெருவில்
பூனைகளும் நாங்களும்தான்.
வாடகை யாரிஸ், நாளுக்கு ஒன்பது ரியால்,
நாலால் வகுத்தால் இரண்டேகால்.
ஓட்டுபவன் இருதயராஜ்.
துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவன் என்பதால்
ஒவ்வொரு வேகத்தடையிலும் எங்களைக்
கண்டெய்னரைப் போல ஏற்றி இறக்கினான்.
பின்சீட்டில் ஷாகுலும் மெர்வினும்,
இருவர் மடியையும் பங்குபோட்டுக்கொண்டு
புளிசாதச் சட்டி.

எனக்கு மட்டும் இந்தப் பயணத்தில்
சொந்த வேலை ஒன்று இருந்தது.
நாலு வருடமாக அந்த மலையை வரைகிறேன்.
ஏழாவது மாடியில், ஏசிக் குளிரில்,
இருபது மீட்டருக்கு ஒரு கோடு,
நூறு மீட்டருக்கு ஒரு தடித்த கோடு.
கோடுகள் நெருங்கினால் அங்கே செங்குத்து.
விலகினால் அங்கே யாரோ
மாதுளை வைத்திருக்கிறார்கள்.
பதினான்காம் வளைவில் தடுப்புச்சுவர்
நாற்பத்தாறு மீட்டர் நீளம் என்று
எழுதிக் கையெழுத்திட்டவன் நான்.
வளைவைத்தான் பார்த்ததில்லை.

ஃபன்ஜா தாண்டியதும் விடிந்தது.
அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் நிறத்தில்
இரண்டு பக்கமும் மலை.
ஒளித்துக்கொள்ள ஒரு மரம்கூட இல்லாமல்
எலும்பை எலும்பாகவே காட்டி நின்றது.
மெர்வின் படமெடுத்தான்.
எல்லாப் படத்திலும் அவன் தோளுக்குப் பின்னால்
கொஞ்சம் மலை.

பிர்கத் அல் மவ்ஸ், அடிவாரச் சோதனைச்சாவடி.
காவலர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
குனிந்து டயரைப் பார்த்தார்.
"ஃபோர் வீல்?"
"நாலு வீலும் இருக்கே" என்றான் ஷாகுல், தமிழில்.
தெரிந்த அரபியைக் கூட்டிச் சேர்த்து
நான் சொல்லிப் பார்த்தேன்:
இந்த ரோட்டை வரைகிறவன் நான்.
அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான்.
"அப்படியானால் உனக்கே தெரியுமே,
எவ்வளவு செங்குத்து என்று."

திருப்பிக்கொண்டோம்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு சட்டியைத் திறந்தார்கள்.

வாழைத்தோட்டத்துக்குள் ஃபலஜ் ஓடியது.
என் தாளில் அது நீலப் புள்ளிக்கோடு,
அரை மில்லிமீட்டர் கனம்.
இங்கே அது சில்லென்று இருந்தது,
பொடிமீன்கள் குதிகாலைக் கடித்தன.
மடையைப் பழந்துணியால் அடைத்துக்கொண்டிருந்த
ரஃபிக்குல், சில்ஹெட்காரர்,
ஆறு வருடமாக இந்த மலைக்குக் கீழேயே
தண்ணீர் திருப்புகிறவர், கேட்டார்:
மேலே என்னதான் இருக்கிறது?

சொன்னேன்.
மூன்றாவது திருப்பத்துக்குப் பிறகு
இடதுபக்கம் ஒரு சமதளம், தண்ணீர்த்தொட்டி.
அதற்கும் மேலே, ஆயிரத்து எண்ணூறில்,
படிப்படியாக வெட்டிய பாத்திகள்.
அங்கிருந்து வலதுகைப் பக்கம்
தரை சட்டென்று இல்லாமல் போகும்.
கையை வீசி வீசிச் சொன்னேன்.
ஈரத்துணியைப் பிழியாமலே
கேட்டுக்கொண்டிருந்தார்.
"போய்விட்டு வருகிறாயா?"
"இல்லை. விடவில்லை."
துணியோடு சேர்த்து அவரும் குலுங்கினார்.
ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்,
முந்நூறு பைசா வாங்கிக்கொண்டு.

சாயங்காலம் சீப் கடற்கரை.
மணலில் ரிவர்ஸ் எடுத்த பிக்கப் ஒன்று
ஒரு படகைக் கரைக்கு இழுத்தது.
வலையிலிருந்து மத்தி உதறினார்கள்,
நாரைகள் வரிசையில் நின்றன.

இங்கேதான் என் முதல் கோடு. பூஜ்யம்.
மலையின் எல்லா உயரமும் இதிலிருந்துதான்.
இதைத்தான் நான்
ஒரு கையில் டீ கிளாஸோடு,
அசட்டையாக, ஒரே இழுப்பில் போட்டுவிடுவேன்.
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு
அதன்மேல் நின்றேன்.
கணுக்காலுக்கு வந்தது.
போனது.
கொஞ்சம் யோசித்து
முழங்காலுக்கு வந்தது.

"மணலோட ஏறாதே, மாப்ளே,
வண்டி குடுக்கும்போது காசு பிடிப்பான்!"
இருதயராஜ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.
ஒற்றைக்காலில் நின்று
மற்றதைக் கழுவினேன்.
அதை ஊன்றி இதைத் தூக்கியபோது
அதில் மணல்.